கனமான கேரவனுக்கு ஏற்ற ஹிட்ச்: தேர்வும் பொருத்தும் முறையும்

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஹிட்ச் (வண்டியையும் அதன் பின்னால் இழுக்கப்படும் வீட்டு வண்டியான கேரவனையும் இணைக்கும் அமைப்பு) எந்த வண்டியின் இழுவைத் திறனையும் ஒரு கிலோகூடக் கூட்டித் தராது. வண்டி தாங்கும் எடையைப் பாதுகாப்பாகக் கடத்துவதும், அந்த எடை ஆக்சில்களுக்கு இடையே எப்படிப் பகிரப்படுகிறது என்பதை ஓரளவு மாற்றித் தருவதும்தான் அதன் வேலை. ஆஸ்திரேலியாவில் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட கேரவனை வாங்குவோர் பலர் முதலில் கேரவனையும் பிறகு அதை இழுக்கும் வண்டியையும் முடிவு செய்துவிட்டு, ஹிட்ச்சைக் கடைசி நாளில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வைத்து முடித்துக்கொள்கிறார்கள். எடைகளை முதலில் கணக்கிட்டு, அந்தக் கணக்கு கேட்கும் ஹிட்ச்சை வாங்குவதே சரியான முறை. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது. இங்கே சொல்லப்படும் விதிகள் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. மற்ற நாடுகளில் எடை வரம்புகளும் இணைப்பு முறைகளும் வேறு.

எடைகளும் அவற்றின் வரம்புகளும்

கேரவனின் அடையாளத் தகட்டில் மூன்று எடைகளைப் பார்க்க வேண்டும். டேர் என்பது சாமான் ஏதும் ஏற்றாத வெறும் எடை. ஏடிஎம் என்பது, கேரவன் வண்டியோடு இணைக்கப்படாமல் தனியாக நிற்கும்போது, சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடை. ஜிடிஎம் என்பது, வண்டியோடு இணைத்த பின் கேரவனின் சொந்தச் சக்கரங்கள் மட்டும் தாங்கக்கூடிய உச்ச எடை. கேரவனின் மொத்த எடையில் சக்கரங்கள் தாங்காத பங்கு, வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்புக் குண்டான டோ பாலின் மேல் இறங்குகிறது. அதைப் பால் எடை என்பார்கள். கனமான ஆஸ்திரேலியக் கேரவன்களில் இது மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய, பிரிட்டிஷ் கேரவன்கள் இதைவிடக் குறைந்த பால் எடையோடு ஓடுவதைக் காட்டி இங்கும் அப்படியே செய்யலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்தக் கேரவன்கள் இலகுவானவை, அவற்றின் அமைப்பே வேறு என்பதால் அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது. பால் எடை மிகக் குறைந்தால் கேரவனின் பின்புறம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்; வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் அடக்க முடியாததாகிவிடும்.

இழுக்கும் வண்டிக்கும் வரம்புகள் உண்டு. ஜிவிஎம் என்பது வண்டியும் அதில் இருப்பவர்களும் சாமானும் சேர்ந்த உச்ச எடை. பால் எடையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜிசிஎம் என்பது வண்டி, கேரவன் இரண்டும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு. இவற்றோடு முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு இருக்கிறது. அது விளம்பரத் தாளில் இருக்காது. கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்றரை டன் இழுக்கும் என்று விற்கப்படும் இரட்டைக் கேபின் யூட் (பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள வண்டி) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெறும் எடை 2250 கிலோ, ஜிவிஎம் 3200 கிலோ, ஜிசிஎம் 6000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் இந்த அளவில் ஓடிய வண்டிகள் உண்டு. 3500 கிலோ கேரவனை அதன் பின்னால் மாட்டினால், 6000 கிலோ வரம்புக்குள் வண்டிக்கு மிஞ்சுவது 2500 கிலோதான். வெறும் எடை போக, ஓட்டுநர், குடும்பம், எரிபொருள், முன்பக்கக் கம்பி, சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 கிலோ. நான்கு பேர் ஏறி அமர்ந்தாலே அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். மூன்றரை டன் என்ற விளம்பரம் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணை முழுதாகப் பயன்படுத்தும் நாளில் வண்டி ஏறத்தாழ காலியாக இருந்தாக வேண்டும்.

இழுவைத் திறனைப் போலவே பால் எடைக்கும் வண்டி தயாரிப்பாளர் உச்ச வரம்பு வைத்திருப்பார். பல வண்டிகளில் அது இழுவைத் திறனில் பத்து விழுக்காடு, அதாவது 3500 கிலோவுக்கு 350 கிலோ. எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. மிட்சுபிஷி பஜேரோவின் பிற்கால வகைகளில் 2500 கிலோ வரையிலான சுமைக்குப் பால் எடை வரம்பு 250 கிலோ. அதற்கு மேல் 3000 கிலோ வரை இழுக்கும்போது அந்த வரம்பு 180 கிலோவாகக் குறைந்துவிடும். 3000 கிலோ கேரவனுக்கு 180 கிலோ என்பது ஆறு விழுக்காடுதான். ஆகவே அந்த வண்டியால் 3000 கிலோ ஆஸ்திரேலியக் கேரவனை நிதானமாக இழுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு அடிக்குறிப்பிலேயே இருந்தது. இப்படிப்பட்ட அடிக்குறிப்புகளை வாங்குவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

வண்டி, அதன் சேசிஸ்ஸில் மாட்டும் டோ பார், அதில் செருகும் பால் மவுன்ட், அதன் மேல் நிற்கும் டோ பால், பாலைக் கவ்வும் கேரவன் பக்கத்துக் கப்ளிங், சங்கிலி என்று இந்த வரிசையில் எந்த உறுப்பின் வரம்பு மிகக் குறைவோ அதுவே உங்கள் உண்மையான வரம்பு. 3500 கிலோ டோ பாரில் 2500 கிலோவுக்கான பால் மவுன்ட்டைச் செருகினால், உங்கள் கையில் இருப்பது 2500 கிலோ அமைப்புதான்.

எடைமேடையில் ஒரு காலை

தகட்டில் இருப்பது அனுமதிக்கப்பட்ட எடை. உங்கள் கேரவனின் எடை அது அன்று. இரண்டு 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 190 கிலோ. முன்சட்டத்தில் இருக்கும் 9 கிலோ எரிவாயு உருளைகள் இரண்டும், இரும்பின் எடையும் சேர்ந்தால், 35 கிலோவைத் தாண்டும். அரிசிப் பை, குக்கர், கிரைண்டர் என்று சமையலறையையே கூட ஏற்றிச் செல்லும் நம் குடும்பங்களுக்கு 500 கிலோ சுமை அனுமதி பெரிதாகத் தெரியலாம். ஏற்றிப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். ஆகவே பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, பொது எடைமேடைக்குச் செல்ல வேண்டும்.

முதலில் கேரவனைக் கழற்றிவிட்டு, குடும்பத்தோடும் சாமானோடும் வண்டியை மட்டும் எடை போடுங்கள். முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேரவனை மாட்டி, வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு முறை எடுங்கள். மூன்றாவதாக, கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க வேண்டும். இரண்டாம் எடையிலிருந்து முதல் எடையைக் கழித்தால் கிடைப்பது பால் எடை. அதோடு மூன்றாம் எடையைக் கூட்டினால் கேரவனின் மொத்த எடை. எடையைப் பகிரும் ஹிட்ச் (இதை அடுத்த பகுதியில் பார்ப்போம்) ஏற்கெனவே பொருத்தியிருந்தால், இந்த அளவுகளை எடுக்கும்போது அதன் கம்பிகளைத் தளர்த்திவிட வேண்டும். பால் எடைக்கென்றே சிறு அளவுகோல்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது கேரவன் சமதளத்தில், இழுக்கும் உயரத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்பட்டு நிற்க வேண்டும். கப்ளிங் தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் எண் மாறும்.

இந்த எடைகள் கையில் இல்லாமல் ஹிட்ச் பற்றி எந்தக் கடையிலும் பேசத் தொடங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

பால் எடை வண்டிக்குள் எப்படி இறங்குகிறது

டோ பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை. அதற்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. எனவே கிணற்று ஏற்றத்தைப் போலவே, ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிறது. மேலே சொன்ன யூட்டில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3200 மி.மீ., பின் ஆக்சிலிலிருந்து டோ பாலுக்கு 1280 மி.மீ. என்று கொள்வோம். இப்போது 2900 கிலோ கேரவன் ஒன்றின் பால் எடை 300 கிலோ. பின் ஆக்சிலின் மேல் கூடுவது 300 கிலோ அன்று, 420 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 120 கிலோ குறைகிறது.

கேரவன் மாட்டாதபோது அந்த வண்டி 2700 கிலோ; அதில் முன் ஆக்சிலில் 1250, பின் ஆக்சிலில் 1450 என்றால், மாட்டிய பின் முன்னே 1130, பின்னே 1870. மொத்தம் 3000 கிலோ. ஜிவிஎம் வரம்பான 3200-க்கு இன்னும் 200 கிலோ மிச்சம். ஆனால் அதன் பின் ஆக்சில் வரம்பு 1850 கிலோவாக இருந்தால், மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே வண்டி சட்ட வரம்பை மீறி நிற்கிறது. எடைமேடையில் ஆக்சில்களைத் தனித்தனியே அளக்கச் சொன்னதன் காரணம் இதுதான். முன் சக்கரங்கள் இலகுவானால் ஸ்டியரிங் பிடிமானம் குறையும், முன் பிரேக்கின் பங்கு குறையும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் இங்கேதான் பயன்படுகிறது. டோ பாலின் அடியிலிருந்து கேரவனின் முன்சட்டத்தை நோக்கி நீளும் இரண்டு வில் கம்பிகளைச் சங்கிலியாலோ திருகாலோ இறுக்கும்போது, அவை இணைப்பின் இரு பக்கத்தையும் மேல்நோக்கி நெம்புகின்றன. பின் ஆக்சிலில் குவிந்த எடையில் ஒரு பகுதி முன் ஆக்சிலுக்கும் மறு பகுதி கேரவன் ஆக்சில்களுக்கும் நகர்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், டோ பாலிலிருந்து கேரவன் ஆக்சில்களின் நடுப்பகுதிக்கு 5 மீட்டர் என்று வைத்து, முன் ஆக்சில் இழந்த 120 கிலோவில் பாதியை மீட்கும் அளவுக்குக் கம்பிகளை இறுக்கினால், முன்னே 60 கிலோ திரும்புகிறது, பின் ஆக்சிலில் ஏறத்தாழ 90 கிலோ குறைகிறது, கேரவன் சக்கரங்களில் ஏறத்தாழ 30 கிலோ கூடுகிறது. பின் ஆக்சில் 1780-க்கு வந்து வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அதே வேளையில் கேரவனின் ஜிடிஎம் எல்லையில் நின்றால், கூடிய அந்த 30 கிலோ அங்கே வரம்பை மீறச் செய்யும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஹிட்ச்சைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. வண்டி பின்புறம் சாய்ந்தால் இதைப் போட்டு நிமிர்த்திவிடலாம், பால் எடை வரம்பும் தானாகக் கூடிவிடும் என்பது ஒன்று. வரம்பு கூடாது, 400 கிலோ பால் எடையை 350 கிலோ டோ பாரில் ஏற்ற எந்தக் கம்பியும் அனுமதி தராது. எல்லா வண்டிக்கும் இது நல்லது என்பது இரண்டாவது. சில தயாரிப்பாளர்கள், குறிப்பாகத் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் காற்று சஸ்பென்ஷன் உள்ள சில வண்டிகளுக்கு, இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். வேறு சிலர் எத்தனை விழுக்காடு எடையை முன்னே திருப்பலாம் என்று வரையறுக்கிறார்கள். கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேரவன் குழுவில் யாரோ பத்து வருடமாகப் போட்டு ஓட்டுகிறார் என்பது அதற்கு மறுமொழி ஆகாது. பின்புறச் சுருள் வில்லுக்குள் காற்றுப் பை வைத்து நிமிர்த்துவதும் இதற்கு மாற்று இல்லை. அது பின்புறத்தைத் தூக்கும். ஆனால் முன் ஆக்சிலுக்கு எடையைத் திருப்பாது, பின் ஆக்சிலின் சுமையையும் குறைக்காது.

எந்தக் கப்ளிங்

தார்ச் சாலையிலேயே ஓடும் கேரவனுக்கு 50 மி.மீ. டோ பாலும் அதற்கான கப்ளிங்கும் போதும். 3500 கிலோ வரை தரம் குறிக்கப்பட்டவை எளிதாகக் கிடைக்கும், எடையைப் பகிரும் ஹிட்ச்சோடும் சேரும். பாலின் மேலும் கப்ளிங்கின் மேலும் விட்டமும் எடைத் தரமும் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் பால்கள் அங்குல அளவில் இருப்பதால், கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும் வேறு அளவை மாட்டிவிடாமல் பொறிப்பைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். 3500 கிலோவுக்கு மேல், 4500 கிலோ வரை செல்லும் கேரவன்களுக்கு 70 மி.மீ. பால் உண்டு. அந்த எடையை இழுக்கும் வண்டிகள் வேறு வகையானவை; இந்தக் கட்டுரை அவற்றுக்குள் செல்லவில்லை.

மண் சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் செல்பவர்களுக்குச் சாதாரண பால் போதாது. கேரவனும் வண்டியும் வெவ்வேறு கோணத்தில் முறுக்கிக்கொள்ளும்போது கப்ளிங்கின் உதடு பாலின் கழுத்தில் இடித்து நெம்பும். எல்லாத் திசையிலும் சுழலும் கப்ளிங்குகள் இதற்காகவே வந்தவை. குரூஸ்மாஸ்டர் டிஓ35, மெக்ஹிட்ச், டிரெக் ஆகியவை ஆஸ்திரேலியாவில் பரவலாகப் பயன்படுகின்றன. டிஓ35 வகையில் பாலுக்குப் பதிலாக வண்டிப் பக்கம் ஒரு தடித்த ஊசி நிற்கும். கப்ளிங் அதன் மேல் இறங்கித் தானே பூட்டிக்கொள்ளும். பின்பக்கக் கேமரா இல்லாத வண்டியில் நேராக வந்து பொருத்துவதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். இவ்வகைக் கப்ளிங்குகளோடு எடையைப் பகிரும் ஹிட்ச்சைச் சேர்க்கலாமா, சேர்த்தால் எந்தப் பொருளை எந்த நிபந்தனையோடு என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறுகிறது. சேர்க்க முடிந்த இடத்திலும், கரடான பாதைக்குள் இறங்கும் முன் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும்.

ஐந்தாண்டில் ஒரு முறைகூட மண் சாலையைத் தொடாத கேரவன்களில் விலை உயர்ந்த ஆஃப்ரோடு கப்ளிங்குகள் பளபளக்கின்றன. அந்தப் பணத்துக்கு நல்ல பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கியிருக்கலாம்.

டோ பாரைப் பொருத்துதல்

கனமான கேரவனுக்கு, 50 மி.மீ. சதுரத் துளையுள்ள ரிசீவர் வகை டோ பாரே வேண்டும். உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்டதாகவும், ஆஸ்திரேலிய வாகன வடிவமைப்பு விதிகளில் ஒன்றான ஏடிஆர் 62 விதிக்கு உட்பட்டதாகவும், இழுவைத் திறனும் பால் எடையும் வண்டி மாடலும் எழுதிய தகடு ஒட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சில டோ பார்களில், எடையைப் பகிரும் ஹிட்ச்சோடு ஒரு தரமும் அது இல்லாமல் குறைந்த தரமும் எழுதியிருக்கும். அந்தச் சிற்றெழுத்தைப் படியுங்கள். வேறொரு மாடலிலிருந்து கழற்றியதை வெட்டி ஒட்டி மாட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

இந்த வேலையைத் தொழில்முறைப் பொருத்துநரிடம் விடவே பரிந்துரைப்பேன். பம்பரைக் கழற்ற வேண்டும், சென்சார்களும் வயர்களும் குறுக்கே வரும், புதிய வண்டிகளில் டோ பார் மாட்டியதை வண்டியின் கணினிக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும். ஆனால் வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கும் அறிவு உரிமையாளருக்கும் இருக்க வேண்டும். சேசிஸ் ரெயிலில் தயாரிப்பாளர் குறித்த துளைகளில் மட்டுமே போல்ட் இறங்க வேண்டும். டோ பாருடன் வந்த போல்ட்டுகளையே பயன்படுத்த வேண்டும், தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டின் இடத்தில் 8.8 போல்ட்டைப் போட்டால், அளவு பொருந்தும், பலம் பொருந்தாது. உலோகம் உலோகத்தோடு சேரும் முகங்களில் அடியில் பூசும் தார்ப் பூச்சையும் தடித்த பெயின்டையும் சுரண்டி எடுக்காமல் இறுக்கினால், அந்தப் பூச்சு நாளடைவில் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டி, டோ பாரை நடுவில் நிறுத்தி, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு தயாரிப்பாளர் தந்த அளவுக்கு இறுக்க வேண்டும். சேசிஸ்ஸில் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் அறிவுறுத்தலில் இல்லாத வரை கூடாது.

ஜிவிஎம் உயர்த்தும் சஸ்பென்ஷன் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தச் சான்றிதழ் ஜிவிஎம் எண்ணை உயர்த்தினாலும், இழுவைத் திறனும் ஜிசிஎம்மும் அதனால் தாமாக உயர்வதில்லை. சான்றிதழில் அவை தனியே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும்.

பால் மவுன்ட், பால், உயரம்

ரிசீவருக்குள் செருகும் பால் மவுன்ட்டின் ஏற்றமோ இறக்கமோ தீர்மானிப்பது கேரவன் நிற்கும் கோணத்தை. எல்லாம் ஏற்றி, கேரவனைச் சமதளத்தில் மட்டம் பார்த்து நிறுத்தி, தரையிலிருந்து கப்ளிங்கின் உயரத்தை அளக்கவும். வண்டியின் ரிசீவர் உயரத்தையும் அளந்து, மாட்டிய பின் வண்டி சிறிது தாழும் என்பதைக் கணக்கில் கொண்டு மவுன்ட்டைத் தேர்க. இழுக்கும்போது கேரவன் மட்டமாகவோ, மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்தோ இருக்கலாம். மூக்கு உயர்ந்து நிற்கக் கூடாது. மூக்கு உயர்ந்தால் எடை பின்னால் சரிகிறது, இரட்டை ஆக்சில் கேரவனில் பின் ஆக்சில் அளவுக்கு மீறிச் சுமக்கிறது.

பாலின் தண்டு மவுன்ட்டின் துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இடைவெளியை வளையம் வைத்து நிரப்புவது கனமான சுமைக்கு ஏற்றதில்லை. பூட்டு வாஷரைப் போட்டு நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கிய பின், தண்டின் திருகு நட்டுக்கு வெளியே சற்று நீண்டிருக்கிறதா என்று பார்க்கவும். நட்டுக்கும் மவுன்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அது தளர்ந்திருப்பது பார்த்தவுடன் தெரியும். மவுன்ட்டைப் பூட்டும் ஊசி 16 மி.மீ. விட்டம் உள்ளது, அதன் மறுமுனையில் கிளிப் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. கேரவன் மாட்டாத நாட்களில் மவுன்ட் நம்பர் பிளேட்டை மறைத்தால் கழற்றிவைக்க வேண்டும்.

சங்கிலியும் பிரேக்கும்

ஏடிஎம் 2500 கிலோ வரை ஒரு பாதுகாப்புச் சங்கிலி போதும். அதற்கு மேல் 3500 கிலோ வரை இரண்டு வேண்டும். 3500 கிலோவுக்கான சங்கிலியின் கண்ணிகளில் 4177-35 என்ற பொறிப்பு இருக்கும். சங்கிலியை டோ பாரில் சேர்க்கும் ஷேக்கிளும் (ஊசியால் பூட்டும் இணைப்பு வளையம்) தரம் பொறித்ததாக இருக்க வேண்டும். படகுக் கடையில் கிடைக்கும் பளபளப்பான, பொறிப்பில்லாத ஷேக்கிள் இதற்கு உதவாது. இரு சங்கிலிகளையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கப்ளிங் கழன்றாலும் முன்சட்டம் அந்தச் சங்கிலிகளின் மேல் விழுமே தவிரத் தரையைக் குத்தாது. முழுத் திருப்பத்துக்கும் போதிய நீளம் வேண்டும், தரையில் உரசாத அளவுக்குக் குறுகவும் வேண்டும்.

ஜிடிஎம் 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும், கேரவன் கழன்றால் தானே பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிறுத்தும் அமைப்பும் வேண்டும். அந்த அமைப்பின் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ டோ பாலிலோ மாட்டாமல், வண்டியின் உறுதியான தனி இடத்தில் மாட்ட வேண்டும். மின் பிரேக்குக்கான கட்டுப்பாட்டுக் கருவியை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துவது அவசியம். கேரவன் ஆடத் தொடங்கும்போது வண்டியின் பிரேக்கை அழுத்தாமல் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்குவதே ஆட்டத்தை அடக்கும் வழி. ஏழு ஊசித் தட்டைப் பிளக்கில் பிரேக்குக்கான வயர் நீலம், எர்த் வெள்ளை. விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால் பெரும்பாலும் அந்த வெள்ளை வயரின் இணைப்பே காரணம்.

எடையைப் பகிரும் ஹிட்ச்சை அமைத்தல்

அளந்த பால் எடைக்கு ஏற்ற வகைக் கம்பிகளையே வாங்க வேண்டும். தேவைக்கு மேல் விறைப்பான கம்பி நல்லதுதானே என்று எடுத்தால், ஒவ்வொரு குழியிலும் முன்சட்டமும் டோ பாரும் அடி வாங்கும். கேரவன் முன்சட்டத்தின் கனமும் அதன் குறுக்குக் கம்பிகளின் இடமும் கம்பிகளின் சங்கிலியைப் பூட்டும் பிடிப்பான்களை ஏற்குமா என்பதையும், அந்த இடத்தில் எரிவாயுப் பெட்டியோ கல் தடுப்போ மோதுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

அமைக்கும் வேலையைச் சமதளத்தில், வண்டியும் கேரவனும் பயணச் சுமையோடு நிற்கும்போது செய்யுங்கள். காற்று சஸ்பென்ஷன் இருந்தால் அதை எந்த நிலையில் வைப்பது என்பதைக் கையேடு சொல்லும். கேரவனை மாட்டும் முன், முன் சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தரைக்கும், பின் சக்கர வளைவிலிருந்து தரைக்கும் உள்ள உயரங்களை எழுதிக்கொள்ளவும். கேரவனை மாட்டி, கம்பிகள் இல்லாமல் இன்னொரு முறை அளக்கவும்; முன்புறம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருக்கும். பிறகு கேரவனின் முன்புறத்தைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தைக் கீழிறக்கி, மாட்டியபடியே இணைப்பைச் சிறிது உயர்த்தி, கம்பிகளின் சங்கிலியைப் பிடிப்பானில் மாட்டி, ஜாக்கியைத் தளர்த்தி இணைப்பை இறக்கி மீண்டும் அளக்கவும். முன்புறம் எழும்பியதில் ஏறத்தாழ பாதியாவது திரும்பியிருந்தால் தொடக்கத்துக்கு அது நல்ல நிலை; வண்டி தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி. முன்புறம் முதலில் இருந்ததைவிடத் தாழ்ந்துவிட்டால் இறுக்கம் மிகுதி. பின் சக்கரங்கள் ஈரச் சாலையில் பிடியிழக்கும்.

வேண்டிய அளவு வரவில்லை என்றால் ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் பாலைத் தாங்கும் தலையின் சாய்வை மாற்ற வேண்டும். இறுக்கிய பின் கம்பிகள் முன்சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும், தொங்கும் சங்கிலி திருப்பத்தில் கம்பி அசையப் போதுமான நீளம் வேண்டும். இறுக்கும் கைப்பிடி நழுவினால் பெரும் விசையோடு திரும்பி அடிக்கும். ஆகவே முகமும் முழங்கையும் அதன் பாதைக்கு வெளியே இருக்கட்டும். ஜாக்கியால் இணைப்பை உயர்த்தித் தளர்த்தாமல் அதைத் திறக்கவே கூடாது. வீட்டு வாசலின் செங்குத்தான சரிவு, ஓடை இறக்கம் போன்ற இடங்களில் கம்பிகளை முன்பே கழற்றிவிடுங்கள்.

இந்த அளவுகளைப் பதிவு செய்த பின் எடைமேடைக்கு மீண்டும் ஒரு முறை போய், கேரவனை மாட்டிய பின் எடுக்கும் இரண்டு எடைகளையும் கம்பிகள் இறுகிய நிலையில் எடுப்பது நல்லது. சக்கர வளைவின் உயரம் ஒரு குறிப்பு மட்டுமே; பின் ஆக்சில் வரம்புக்குள் வந்ததா, கேரவன் சக்கரங்கள் ஜிடிஎம்முக்குள் நிற்கின்றனவா என்பதை எடைமேடைதான் உறுதியாகச் சொல்லும்.

முதல் பயணத்தில் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் நிறுத்தி, டோ பார் போல்ட்டுகளையும் பாலின் நட்டையும் பெயின்ட் கோட்டையும் பார்க்கவும். புதிதாக மாட்டியவை முதல் ஓட்டத்தில் சற்று அமர்வது வழக்கம். சாதாரண 50 மி.மீ. பாலுக்குக் கிரீஸ் தடவலாம். உராய்வால் ஆட்டத்தை அடக்கும் வகைக் கப்ளிங்குக்குக் கிரீஸ் தடவினால் அதன் வேலையே கெட்டுவிடும். அந்தப் பாலை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும். பாலை அவ்வப்போது காலிப்பர் கொண்டு பல திசைகளில் அளந்து, எந்தத் திசையிலாவது 49 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.